திருப்பிக் கொடுக்காத தூக்கு

பெரியப்பாவுக்கு அந்த யோசனை மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் உதித்தது. சைகோன் துறைமுகச் சுங்க ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற மறுநாள் மதியம். முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "அலோர்," என்று பிரெஞ்சில் தொடங்கி, "தலாத் மலை வரைக்கும் காரிலேயே போயிட்டு வருவோமா?" என்றார்.

பெரியம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்டாள். "போற வழியில எல்லார் வீட்டையும் பாத்துடலாம்" என்றாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நானும் வருவேன் என்று மேசையைத் தட்டினேன். அம்மா அப்பாவோடு இருந்ததைவிட அங்கேதான் அதிகம் கிடப்பேன். பிள்ளையில்லாத அந்த வீட்டில் நான் மேசையைத் தட்டிக் கிடைக்காமல் போனது எதுவுமில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை முடிச்சோடு கப்பலேறிக்கொண்டிருந்த வருஷம் அது. சைகோனிலிருந்த எங்கள் காரைக்கால் ஆட்களும் ஒவ்வொரு குடும்பமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். சண்டை ஓய்ந்து சாலை மட்டும் திறந்திருந்தது. மலையும் அருவியும் பார்க்கப் போகிறோம் என்று பெரியப்பா தெரு முழுக்கச் சொன்னார். தெரு நம்பியதோ இல்லையோ, நான் நம்பினேன்.

காரின் பின்பக்கம் துணிப்பெட்டிகளைவிடப் பாத்திரங்கள்தான் அதிகம். ஒரு வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். அடுத்த முறை அவர்கள் எதையாவது நிரப்பி அனுப்புவார்கள். இப்படியே எப்போதும் ஒரு வீட்டுப் பாத்திரம் இன்னொரு வீட்டில் கிடக்கும். பெரியம்மா பரணெல்லாம் துழாவி, பிற வீட்டுப் பாத்திரம் ஒன்றையும் விடாமல் எடுத்துத் துலக்கி, சர்க்கரை போட்டு ஏற்றியிருந்தாள்.

வழியில் காரை நிறுத்திய சிப்பாய் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஹோட்டல் வைக்கப் போகிறீர்களா என்று வியட்நாமிய மொழியில் கேட்டான். பெரியம்மா அவன் கையிலும் ஒரு பிடி சர்க்கரை வைத்தாள். ரப்பர் மரங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல வரிசையாக நின்றன. பாலத்தடியில் எரிந்துபோன லாரிகள் கிடந்தன. "அதைப் பாக்காத, அந்தப் பக்கம் மலையைப் பாரு" என்றார் பெரியப்பா. நான் இரண்டையும் பார்த்தேன்.

பியன் ஹோவாவில் பெரியப்பாவின் பழைய ஆபீஸ் சிநேகிதர் வீடு, பிறகு ரப்பர் தோட்டத்துக் கணக்கர் வீடு. இரண்டு இடத்திலும் பெரியம்மா அவர்கள் பாத்திரத்தைக் கொடுத்தாள். அவர்கள் பதிலுக்கு நிரப்பித் தர வந்தபோது, "பாத்திரம் வேணாம், தாள்ல சுத்திக் குடுங்க" என்றாள். பாத்திரம் உருளும் சத்தத்தில் பெரியம்மாவுக்குத் தலைவலி போலும் என்று நினைத்துக்கொண்டேன். கார் நிறைய முறுக்குப் பொட்டலங்கள். எனக்குக் கொண்டாட்டம்தான்.

தலாத்தில் பெரியம்மாவோடு காரைக்காலில் ஒரே பெஞ்சில் படித்தவள் இருந்தாள். வியட்நாம்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு ஸ்ட்ராபெரி பயிரிட்டாள். நான் அவளைத் தலாத் அத்தை என்பேன். குளிருக்கு அத்தனை கம்பளியும் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றவள், பெரியம்மாவைப் பார்த்ததும் சிரித்தாள். பெரியம்மாவின் கையிலிருந்த நீலப்பூ போட்ட எனாமல் தூக்கைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"ஏண்டி, நா கேட்டனா இதை?"

"எவ்வளவு நாளைக்கு வச்சிருக்கறது? உன் தூக்குதானே."

இரண்டு நாள் இருந்தோம். தலாத் அத்தை ஸ்ட்ராபெரியில் மிளகாய்ப்பொடி தூவி ஊறுகாய் போடுவாள். கேட்டால் சிரிப்பு வரும், தின்றால் நிறுத்த முடியாது. கிளம்பும்போது அதை அதே நீலப்பூத் தூக்கில் வழிய வழிய நிரப்பி நீட்டினாள்.

"தாள்ல கட்டிக் குடு" என்றாள் பெரியம்மா.

"ஊறுகாயத் தாள்ல கட்டுவாங்களாடி? ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா?"

"தூக்கு வேணாம்."

"ஏன் வேணாம்? திருப்பிக் குடுக்க வரமாட்டியா?"

 பெரியம்மா ஒரு ஸ்பூன் வாங்கி, நின்றபடியே அந்த ஊறுகாயைத் தின்னத் தொடங்கினாள். கண்ணில் நீர் வழிய வழியத் தின்றாள். மிளகாய் அதிகம் என்றுதான் நினைத்தேன். பெரியப்பா காரின் ஹாரனை ஒருமுறை மெல்ல அழுத்தினார்.

பெரியம்மா முகம் கழுவப் போன நேரத்தில் தலாத் அத்தை மிச்ச ஊறுகாயோடு தூக்கை மூடி என் சால்வைக்குள் செருகினாள். "சைகோன் போற வரைக்கும் மூச்சு விடாத குட்டி" என்று கண்ணடித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு ரகசியத்தை யாரும் என்னை நம்பிக் கொடுத்ததில்லை.

சைகோனில் வீட்டு வாசலில் இறங்கியதும் தூக்கை உயர்த்திக் காட்டினேன். பெரியம்மா என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அவளிடம் நான் வாங்கிய ஒரே அறை. பிறகு தூக்கை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து அழுதாள். திருட்டுத்தனம் செய்ததற்கு அடி என்று நானே தீர்மானித்துக்கொண்டு, மன்னிப்புக்கூடக் கேட்டேன். அதற்கு அவள் இன்னும் அழுதாள்.

மூன்று வாரம் கழித்து பெரியப்பாவும் பெரியம்மாவும் காரைக்காலுக்குக் கப்பலேறினார்கள். அதுவரை தினமும் சோற்றோடு ஒரு துளி அந்த ஊறுகாய். காலியான தூக்கைக் கழுவிச் சர்க்கரை போட்டு என் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள் பெரியம்மா. "எப்படியாவது கையால குடுத்துடு."

அம்மா கொடுக்கவில்லை. முதலில் தம்பி பிறந்தான், பிறகு அப்பாவுக்கு வேலை போயிற்று, பிறகு மறுபடி மூண்ட சண்டையில் சாலையே போயிற்று. காரைக்காலிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: தூக்கு போய்ச் சேர்ந்ததா? எறும்பு வைக்கும்போதெல்லாம் அம்மா சர்க்கரையை மாற்றிவைப்பாள். பன்னிரண்டு வருஷமாகத் திருப்பிக் கொடுக்காத பாத்திரம் ஒன்று இருப்பதால்தான் அந்தக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றனவோ என்று இப்போது, கல்லூரியில் படித்துக் கிழித்துக்கொண்டிருக்கும் இந்த வயதில், எனக்குச் சந்தேகம்.

தலாத்திலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வரும் லாரிகள் காலியாகத் திரும்புகின்றன. சாலையில் கண்ணிவெடி அகற்றிய மறுநாள் காலைகளில் மட்டும். ஓட்டுநர் ஒருவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நேற்றுத் தூக்கைத் திறந்து பார்த்தால் புதுச் சர்க்கரை.

வெள்ளிக்கிழமை கிளம்பிப் பார்க்கப் போகிறேன். தலாத் அத்தை இருந்தால், கையில் கொடுப்பேன். அவள் திரும்ப நிரப்பித் தந்தால், இந்த முறை சால்வைக்குள் ஒளிக்காமல் வாங்கிக்கொண்டு வருவேன்.