மூன்று என்று சொல்லாமல் விட்டேன்

குற்றாலத்து அருவியில் நின்றபோது இடது தோளில் தண்ணீர் அடித்தது. வலது கையில் விழுந்தது தெரியவே இல்லை. கூட வந்த நாத்தனாரிடம் சொன்னேன்.

“குளுருல மரத்திருக்கும் மதினி. இன்னுங் கொஞ்சம் நில்லுங்க, ஓடிப்போவும்.”

நின்றேன். கால் மணி நேரத்தில் உணர்ச்சி திரும்பியது.

“பாத்தியளா, எந்த டாக்டரு இம்புட்டு வெரசா சரியாக்குவாரு?” என்று சிரித்தாள்.

மறுநாள் மேலகரத்தில் என் வீட்டு அடுக்களையில் அதே வலது கையிலிருந்து கரண்டி நழுவியது. கணவர் எலுமிச்சை லாரியோடு கேரளா போயிருந்தார். அவருடைய அண்ணன்தான் என்னைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. தற்காலிக அடைப்பு (மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் தடைப்படுவது) என்றார் டாக்டர். பிறகு கேட்டார்: “கரு ஏதும் கலைஞ்சிருக்காம்மா?”

மூன்று கலைந்திருந்தன. கணவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கதவோரம் கணவரின் அண்ணன் நின்றார். அவரை வெளியே போகச் சொல்ல வாய் வரவில்லை.

“இல்ல சார்.”

ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

நான்கு மாதம் கழித்து, காலையில் பல் துலக்கும்போது வாய் கோணியது. வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போனது. இந்த முறை கணவர் கூட இருந்தார். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார்.

“மூணு சார்” என்றார் அவர்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அன்னைக்கே சொல்லியிருந்தா ரத்தம் ஏன் உறையுதுன்னு பாக்குற டெஸ்ட்டை அப்பவே பாத்திருப்பேனேம்மா.”

என் ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்) வழிமாறி, ரத்தத்தையே உறைய வைக்கிறதாம். பன்னிரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். அப்போதும் இருந்தது. கரு தங்காததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்றார்கள். இருபது வருடம் என்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அழக்கூட வாய் ஒரு பக்கமாகத்தான் போனது.

இப்போது ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. அளவு கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் அடைக்கும். என் நாட்கள் ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்தது வரைதான் நீள்கின்றன. குளிக்கும்போது, வலது கையில் தண்ணீர் விழுவதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

இதை இடது கையால் எழுதுகிறேன். உங்களிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். கூட நிற்பவரை வெளியே போகச் சொல்லுங்கள்.

புதிதாக வரும் நர்ஸ் யாரானாலும், கேட்கும் முன்பே நான் சொல்லப் பார்க்கிறேன். பல நாள் அந்தச் சொல் வருவதில்லை. இடது கையில் மூன்று விரல்களைத் தூக்கிக் காட்டுகிறேன்.