ஒட்டகத்துக்குக் கால் கொடுத்தவர்

உலகத்தில் எந்த மிருகம் நடந்தாலும் அது நடைக்காரம்மாவின் காலால்தான் நடக்கிறது. சரி, கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். மீனையும் பாம்பையும் கழித்துவிடலாம்.

காய்கறிக் கடையில் அவர் முட்டைக்கோசைக் காதருகே வைத்து அமுக்கிப் பார்ப்பார். "வாங்க வந்தீங்களா, கேக்க வந்தீங்களா?" என்பார் கடைக்காரர். அந்தக் கோஸ் குழம்புக்குப் போகாது. மைக்குக்கு முன்னால் பிளந்தால், தொலைக்காட்சியில் ஒரு பனிமலை இடிந்து கடலில் விழும். சோளமாவுப் பையை மிதித்தால் கரடி பனியில் நடக்கும். பழைய தோல் கையுறையை உதறினால் கழுகு பறக்கும்.

வரலாறு, விஞ்ஞானம், பயணம் என்று ஆவணத் தொடர்கள் எடுக்கும் கம்பெனியில் அவருக்கு இதுதான் வேலை. தூரத்திலிருந்து படம் பிடிக்கும் கேமராவுக்குக் கண் உண்டு, காது கிடையாது. அந்தக் காது நடைக்காரம்மா.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். திரையில் காண்டாமிருகம் வந்தால் போதும், "உன் நடைதான், சந்தேகமே இல்ல" என்பார்.

"உங்கம்மா நடை. கல்யாணமான புதுசுல பாத்துக் கத்துக்கிட்டேன்."

இப்படிப்பட்டவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. பல மாதம் படுக்கை. வலியைவிட ஒரு பயம்தான் அவரை அரித்தது: கால் போனால் வேலையும் போச்சே.

ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் திரும்பி வந்த அன்று, திரையில் பாலைவனத்தில் உப்பு சுமந்துபோன பழைய வணிகக் கூட்டத்தின் கதை ஓடியது. வரிசையாக ஒட்டகங்கள். "உக்காந்து செய்ய ஒரு வழி இருக்குக்கா" என்று ஒலிப்பதிவாளர் ஆரம்பித்தார். "முதல்ல என் கால் பேசட்டும்" என்று வாயை அடைத்துவிட்டு, நடைக்காரம்மா தரையிலிருந்த மணல் தொட்டியில் இறங்கினார். நாலடி வைப்பதற்குள் ஒலிப்பதிவாளர் நிறுத்தினார். சொல்லத் தயங்கித் தயங்கி, "அக்கா... ஒட்டகம் நொண்டுது" என்றார்.

அம்மாவுக்கும் அது கேட்டிருந்தது. முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப வேற ஆளப் பாத்துக்கப்பா."

ஒலிப்பதிவாளர் மூலையில் இருந்த துணியை விலக்கினார். ஒரு மேசை, அதன்மேல் அகலமான தட்டு நிறைய மணல், பக்கத்தில் பஞ்சு திணித்த இரண்டு கையுறைகள். "கையால நடங்கக்கா."

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கையுறை மணலில் மெத்தென்று இறங்கி, ஒரு நொடி தங்கி, சரசரவென்று எழுந்தது. திரையில் முதல் ஒட்டகம் கிளம்பியது. அதன் பின்னால் மொத்தக் கூட்டமும் நொண்டாமல், அவசரப்படாமல் பாலைவனத்தைக் கடந்தது.

நடைக்காரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீ நல்லா இருக்கணும் தம்பி. தோள் வலிக்கல, முதுகு வளையல. மேசைக்கு என் உயரத்த எப்படிப்பா இவ்வளவு சரியா கணிச்ச?"

"நான் எங்க கணிச்சேன்? நான் போட்டிருந்தா உங்க கழுத்துக்கு வந்திருக்கும். நீங்க உக்காந்து காய் நறுக்குற மேசை உயரத்துக்குக் கயிறு வெட்டிக் கொண்டாந்தது உங்க வீட்டுக்காரர். வெளிய பெஞ்சுலதான் இருக்காரு. சொல்லாதேன்னாரு."

நடைக்காரம்மா தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்து, ஒலிப்பதிவாளரிடம் நீட்டினார்.

"அவரக் கூப்ட்டு இத மாட்டிவிடு. அப்புறம் படத்த ஓட்டு."