புக்கிட் பெலிம்பிங்கில் இறங்காத கதை

மகாஜனங்களே, இன்று மதியம் கோலா சிலாங்கூர் பஸ்ஸில் சரித்திரம் படைக்கப்பட்டது.

என் மனைவி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மாத்திரை போடாமல்.

ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாளைக்கென்று டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரை அவளை விடவே இல்லை. தீர்ந்துபோனால், ரசத்துக்குப் புளி கேட்பதுபோல் பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்குவாள். கிளினிக்கில் மெல்ல மெல்லக் குறைத்து, போன வாரம்தான் நிறுத்தினார்கள்.

இன்று அவள் விட்ட குறட்டையில் கடலில் கப்பல்கள் திசை மாறியிருக்கும்.

பக்கத்து வீட்டுப் பார்வதி பின்சீட்டிலிருந்து, "மாமா, அத்தைய எழுப்புங்க லா, நம்ம ஸ்டாப்பு வந்திருச்சி" என்றாள்.

"பஸ்ஸு சிங்கப்பூருக்கே போகட்டும், நீ சத்தம் போடாம எறங்கு" என்றேன்.

இப்போது எங்கள் ஸ்டாப்பைத் தாண்டி அசாம் ஜாவாவில் நின்று, விழித்துக்கொண்ட மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

எங்களை ஏற்றிப்போக யார் வீட்டுக் கார் சும்மா இருக்கிறது? தாலாட்டுவதுபோல் மெதுவாக ஓட்டுபவர்களுக்கே முன்னுரிமை.