வெள்ளைப் பலகையில் ஐந்து ஏன்

தெப்ராவில் நான் வேலை பார்த்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில், கோளாறு வந்தால் ஐந்து முறை ‘ஏன்’ கேட்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்திருந்தார்கள். கிடைக்கிற ஒவ்வொரு பதிலையும் பிடித்து மறுபடி ஏன் என்று கேட்டால்தான் வேர் தெரியுமாம்.

ஒருமுறை நாங்கள் செய்து அனுப்பிய மூடிகள் விரிசல் விட்டுத் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் பலகையில் முதல் ‘ஏன்’ எழுதி, மூடிகளைச் சோதிக்கும் என்னைக் கைகாட்டினார்.

“இந்தம்மா ஒழுங்கா செக் பண்ணல, அவ்ளோதான் லா.”

அதோடு பேனாவை மூடிவிட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நான் அழவில்லை. அவர் மெஷினில் எந்தப் பட்டனைத் தட்டுகிறார் என்று ஒவ்வொரு ஷிப்டும் கவனித்தேன்.

இரண்டு மாதத்தில் மறுபடி விரிசல். அந்த மூடிகள் செய்த அன்று நான் விடுப்பில் இருந்தேன். மேனேஜர் வந்த கூட்டத்தில் பேனாவை நானே எடுத்தேன்.

ஏன் விரிசல்? மூடி சூடு ஆறுவதற்குள் அச்சிலிருந்து வெளியே வருகிறது. ஏன்? ஆறும் நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். மூன்றாவது ஏனை சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தே கேட்டேன்.

“நேரத்த ஏன் கொறச்சீங்க அண்ணே?”

உற்பத்தி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டத்தான் என்று அவரால் சொல்ல முடியவில்லை. மேனேஜர் பதிலுக்காகக் காத்திருந்தார். நானும்தான், ஆசை தீர.

அன்று கேன்டீனில் குடித்த தே தாரிக் டீயைப் போல் இனிப்பாக எதையும் நான் குடித்ததில்லை. சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்தார்.

“என்னை ஏம்மா இப்படி அசிங்கப்படுத்துன?”

“இது முதல் ஏன்தான் அண்ணே. மிச்சம் நாலையும் உங்களையே கேட்டுக்கங்க.”