தவக்காலத்தில் ஆப்பிள் தோல்

காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு என் கணவருக்குத் தொடைகள் வற்றிப்போயின. நாற்காலியிலிருந்து எழ என் தோளைப் பிடித்துக்கொண்டார். அடையாறில் பார்த்த டாக்டர், "வயசானா தசை குறையும்மா. தினமும் முட்டை, மீன் குடுங்க. உட்கார்ந்து எழுந்திருக்கிற பயிற்சி செய்யச் சொல்லுங்க. விட்டா படுக்கைதான்" என்றார்.

அடுத்த வாரமே தவக்காலம் பிறந்தது. எங்கள் சாந்தோம் வீட்டில் அந்த நாற்பது நாளும் கவிச்சி கிடையாது; முட்டைகூட. சிறுவயதிலிருந்து அவர் ஒரு வருஷமும் விட்டதில்லை. நோயாளிக்கு விலக்கு உண்டு என்று ஃபாதரே சொன்னார். "இத்தன வருஷம் இருந்துட்டு இப்பவா விடுவேன்?" என்று இவர் சிரித்தார். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். நான்தான் அதிமேதாவியாயிற்றே, குறுக்குவழி கண்டுபிடித்தேன்.

ஆப்பிள் தோலில் இருக்கும் ஒரு பொருள் வயதான எலிகளின் தசைக்கு வலுவூட்டியதாகப் போனில் படித்திருந்தேன். மரத்தில் காய்ப்பதுதானே, விரதமும் கெடாது, காலும் தேறும். மெழுகு போக வெந்நீரில் கழுவி, தோலைச் சீவி, புதினாவோடு துவையலாக அரைத்தேன். "பழத்தை நீ தின்னுட்டு எனக்குத் தோலா?" என்று கிண்டலடித்தார். உண்மையில் பழத்தை நான்தான் தின்றேன். மனிதர்களுக்கு இது பலிக்குமா என்று இன்னும் தெரியாது என்று அதே கட்டுரையின் கடைசியில் இருந்தது. அதையும் படித்தேன். படித்துவிட்டுத்தான் அரைத்தேன். பயிற்சியையும் விட்டுவிட்டோம், அவர் தள்ளாடி எழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிட முழந்தாளிட்டவரால் எழ முடியவில்லை. கோயிலே பார்த்துக்கொண்டிருக்க இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். ஈஸ்டரன்று விடிந்ததும் பட்டினப்பாக்கத்துக்கு ஓடினேன். "இன்னாம்மா, நாப்பது நாளு முடிஞ்சிச்சா?" என்று கேட்டபடி மீன்காரம்மா வஞ்சிரம் வெட்டிக் கொடுத்தார். குழம்பு வைத்தேன். இவர் இரண்டு வாய்தான் சாப்பிட்டார். அடுத்த மாதம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்கப்புறம் எழவேயில்லை.

போவதற்கு இரண்டு நாள் முன்பு, பார்க்க வந்த தன் தங்கையிடம், "உன் அண்ணி இல்லன்னா நான் எப்பவோ போயிருப்பேன். சாப்பாட்டுல ஒரு குறை வெச்சதில்ல" என்றார். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு அறைவாசலில் நின்றிருந்தேன். அந்தக் கட்டுரையின் கடைசி வரியை அப்போதாவது சொல்லியிருக்கலாம். உள்ளே போய் ஸ்பூனால் ஊட்டினேன், அவரும் குடித்தார்.

மனுஷன் என்னை ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.