ஜட்ஜம்மாவின் பச்சைத் துணி

கேமராவைக் கையில் வாங்கியதும் ஜட்ஜம்மா அதைக் கண்ணருகே கொண்டுபோகமாட்டார், காதருகே கொண்டுபோவார். கழுத்தைச் சாய்த்து, கண்ணை மூடி, குமிழைத் திருகிப் பொத்தானை ஒருமுறை அழுத்துவார். ஷட்டர் திறந்து மூடுகிற சத்தம் கேட்டதும் உதட்டைப் பிதுக்குவார், அல்லது பிதுக்கமாட்டார். கொண்டுவந்தவருக்கு அதற்குள் பாதி உயிர் போயிருக்கும்.

பழைய கேமராக்களில் எது அசல், எது நகல் என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை. ஜன்னலை ஒட்டி ஒரு மர மேசை. மேசையின் ஓரத்தில் நான்காக மடித்த பச்சை வெல்வெட் துணி. ஒரு கேமரா வைக்கத்தான் அதில் இடம் இருக்கும். அசல் என்றால் துணிமேல் வைப்பார். நகல் என்றால் வெறும் பலகையில், 'டக்'கென்று சத்தம் வர. வாயைத் திறந்து சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரர்தான் ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தார். இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. ஜட்ஜம்மாவுக்கு அதில் கொள்ளை ஆசை. கோபப்படுவதுபோல் நடிப்பதோடு சரி.

அடக்கம் அவரிடம் மருந்துக்கும் கிடையாது. "நான் சொன்னது தப்புன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் படியேறி வந்ததில்ல. வரட்டும், அன்னிக்கே கடையைச் சாத்திடுறேன்" என்பார். அவருடைய கணவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், பேச்சு குறைவு. தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்வார்: "இது நானே போட்டது, பயப்படாம குடிங்க. அவளுக்கு உப்பு எது, சர்க்கரை எதுன்னு மட்டும் கண்டுபிடிக்க வராது."

நான் முதன்முதலில் அந்தப் படியேறியது ஒரு பொக்கிஷத்தோடு. தங்க முலாம் பூசிய கேமரா, பாம்புத்தோல் உறை, நெற்றியில் ஒரு முத்திரை. ஜட்ஜம்மா அதைக் காதருகே கூடக் கொண்டுபோகவில்லை. "என்ன தம்பி, கல்யாணப் பொண்ணு மாதிரி இவ்வளவு நகை போட்டிருக்குது? அசல் எதுக்கு இப்படி மினுக்கணும்?" என்றார். டக். இன்று அது என் வீட்டில் புத்தகங்கள் சரியாமல் முட்டுக்கொடுக்கிறது. நான் ஏமாந்தவன் என்கிற உரிமையில் சனிக்கிழமைதோறும் அவர் அறையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர்போன ஒரு பழைய கேமராவை வேறு தொழிற்சாலைகள் திருகுக்குத் திருகு பார்த்துச் செய்தன. பிறகு வந்தவர்கள் அந்த நகலின் பெயரைச் சுரண்டிவிட்டு அசலின் பெயரைப் பொறித்தார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் பேசினால் ஜட்ஜம்மாவுக்குப் பொறுக்காது. "பார்த்துச் செஞ்சவனும் வேலைக்காரன்தான் தம்பி. பேரை மாத்திப் பொறிச்சான் பாரு, அவன்தான் திருட்டுப்பய."

வெளியே என்ன வேஷம் போட்டாலும் அவர் உள்ளே பார்ப்பார். லென்ஸைத் திருகிக் கழற்றினால், உட்புறம் மேலே ஒரு சின்ன உலோக நாக்கு தெரியும். அசலில் அதன் நுனியில் உருளுகிற சக்கரம் ஒன்று இருக்கும். நகலில் வெறும் தகடு. "மனுஷனுக்கு நாக்குதான் முதல்ல பொய் சொல்லும். இதுக்கு அது ஒண்ணுதான் உண்மை பேசும்" என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வார். எத்தனையாவது முறை சொன்னாலும் அதே சிரிப்புதான்.

போன மாதம் ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். இருவருக்கும் நாற்பது தாண்டியிருக்கும். கையில் ஆளுக்கொரு கேமரா, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். அவர்களுடைய அம்மா பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டூடியோ நடத்தியவர். கண்ணை மூடுவதற்கு முன் மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று தன் கையாலேயே கொடுத்திருக்கிறார். இரண்டில் ஒன்றுதான் அசல் என்று யாரோ கொளுத்திப் போட்டுவிட்டார்கள். விற்கிற எண்ணம் இரண்டு பேருக்குமே இல்லை. அசல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அம்மாவுக்குச் செல்லம். தெரியவேண்டியது அது மட்டும்தான். அதற்காகப் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது.

"அவங்களோடத முதல்ல பாருங்க" என்றார் அண்ணன், ஜன்னலைப் பார்த்தபடி. கூடப்பிறந்தவளை 'அவங்க' என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

ஜட்ஜம்மா தங்கையின் கேமராவைக் காதில் வைத்துக் கேட்டார். லென்ஸைக் கழற்றினார். நாக்கின் நுனியை விரலால் தொட்டார். சக்கரம் உருண்டது. கேமரா பச்சைத் துணியை நோக்கிப் போனது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பாவமாக இருந்தது. ஆனால் அந்தக் கை பாதி வழியில் நின்றது. இப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. கழற்றிய லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்து, விளிம்பில் பொறித்த எழுத்தை நகத்தால் வருடிவிட்டு, "அந்த இன்னொண்ணைக் குடுங்க" என்றார்.

அண்ணனுடைய கேமராவில் வெறும் தகடுதான் இருந்தது. அதன் லென்ஸை இன்னும் அதிக நேரம் பார்த்தார்.

"உங்க தங்கச்சிகிட்ட இருக்கறது அசல் உடம்பு, நகல் லென்ஸ். உங்ககிட்ட நகல் உடம்பு, அசல் லென்ஸ். ரெண்டுலயும் மரை ஒண்ணுதான், எதை எதுல வேணா திருகலாம்."

"துடைக்கும்போது மாறிப்போயிருக்குமா?" என்று கேட்டார் தங்கை.

ஜட்ஜம்மா இடுக்கியால் இரண்டு லென்ஸ்களின் அடியிலிருந்தும் மெல்லிய காகித வளையங்களை எடுத்துக் காட்டினார். போட்டோத் தாளில் வெட்டியவை. ஒன்றில் யாரோ ஒருவருடைய காது தெரிந்தது. "சும்மா மாத்திப் போட்டா படம் லேசா மங்கும். மங்காம இருக்கறதுக்கு அளந்து வெட்டி வச்சிருக்காங்க. உங்க ஸ்டூடியோவுல வேற யாரு கேமராவைத் தொடுவாங்க?"

"யாரும் தொட முடியாது. அம்மா எங்களையே தொட விடமாட்டாங்க" என்றார் தங்கை. சொல்லி முடித்த பிறகுதான், அளந்து வெட்டி மாற்றிப் போட்டது அம்மாவேதான் என்று அவருக்கு உறைத்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ அசல் யார்கிட்டதான் இருக்கு?" என்றார் அண்ணன். குரலில் பழைய விறைப்பு இல்லை.

தீர்ப்பு சொல்லியே பெயர் வாங்கியவர் இந்த முறை கேள்வி கேட்டார். "வேணும்னா லென்ஸைத் திருப்பி மாத்திடலாம், சின்ன வேலை. ஒண்ணு முழு அசலாயிடும், இன்னொண்ணு முழு நகலாயிடும். மாத்தட்டுமா?"

அண்ணன் மேசையைப் பார்த்தார். பிறகு வந்ததிலிருந்து முதல்முறையாகத் தங்கை பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ சொல்லு."

"அம்மா போட்டது போட்டபடியே இருக்கட்டும்ண்ணா."

ஜட்ஜம்மா வளையங்களை எடுத்த இடத்திலேயே வைத்து, லென்ஸ்களைப் பழையபடி திருகினார். இனி எதை எங்கே வைக்கப்போகிறார் என்று மூன்று பேரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பச்சைத் துணியைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு மடிப்பைப் பிரித்தார், அடுத்ததையும் பிரித்தார். இத்தனை நாள் வெளிச்சம் படாத உள்பக்கம் புத்தம் புதுப் பச்சையாக இருந்தது. உள்ளங்கையால் அதை நீவிவிட்டு, இரண்டு கேமராவையும் சத்தம் வராமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.