மெஷினை மிரட்டிய மொக்கைச்சாமி

கப்பலூர்த் தொழிற்பேட்டையில் மொக்கைச்சாமி பட்டறை எது என்று கேட்டால் லாரிக்காரன்கூடக் கை காட்டுவான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர், இரும்பு கடையும் லேத்துக்கு எண்ணெய் விட்டே தொழில் பழகி, இன்று சொந்தமாக மூன்று லேத் ஓட்டுகிறார். யாருடைய சிபாரிசும் இல்லை. இரும்பே அவர் சொன்னபடி கேட்டது, அப்பேர்ப்பட்ட கை.

அந்தக் கைக்குக் கண்தான் துணை வரவில்லை. வலது கண்ணில் புரை விழுந்து, அளவுகோலின் கோடுகள் பால் தெளித்ததுபோல மங்கிவிட்டன. மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷனுக்குப் படுக்க வைத்தார்கள். பச்சைத் துணியைப் பார்த்ததும் பிரஷர் எகிறியது, எழுப்பி அனுப்பிவிட்டார்கள். மறுமுறையும் அதே கதை. வீட்டில் பார்த்தால் சரியாக இருக்கும், மேஜையில் ஏறினால் எகிறும். கண் போனால் பட்டறை போச்சே என்று மனசு அரித்தது.

"பயந்துட்டீகளா?" என்று கேட்டாள் மனைவி ஒச்சாயி.

"பயமா, எனக்கா?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

டாக்டர் அவரை, உடம்பின் பதற்றத்தை அடக்கப் பழக்கும் பயோஃபீட்பேக் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே பயிற்சி கொடுக்கும் தமிழ்ச்செல்வி அவர் விரலில் இரண்டு பட்டைகளைச் சுற்றினாள். உடம்பு பதறினால் மெஷின் கீச்சென்று கத்தும். தளர்ந்தால் சத்தம் இறங்கும்.

"இம்புட்டுத்தானா? இப்ப அடக்கிக் காட்டுறேன் பாரு தாயி."

மூச்சைப் பிடித்தார், பல்லைக் கடித்தார், வயிற்றை எக்கினார். மெஷின் வீறிட்டது.

"இது பழுது. ஸ்க்ரூ டிரைவர் குடு, கழட்டிப் பாத்துருவோம்."

"மெஷின் நல்லாத்தான் இருக்குங்கய்யா. அம்மாவுக்கு மாட்டிப் பாப்போமா?"

கூட வந்திருந்த ஒச்சாயி விரலை நீட்டி நாற்காலியில் சாய்ந்தாள். சத்தம் படிப்படியாக இறங்கி முனகலானது. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

மொக்கைச்சாமிக்கு முதலில் ரோஷம் வந்தது, பிறகு சிரிப்பு. "ஏய், எந்திரி. உறங்குறதுக்கா கூட்டியாந்தேன்?"

"நீங்க வையாம ஒரு இடத்துல உக்காந்தா, உறக்கம் வராம என்ன செய்யும்?"

சிரித்தபடியே பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார். தோள் தன்னால் தொங்கியது, மூச்சு நீளமாக வெளியே போனது. சத்தம் மெல்ல இறங்கியது.

"நான் ஒண்ணும் செய்யலையே தாயி."

"ஆமாங்கய்யா. இப்ப தோள் எப்படி இருக்கு, மூச்சு எப்படிப் போகுதுன்னு கவனிச்சுக்கங்க. ஆபரேஷன் மேஜையில இந்த மெஷின் இருக்காது."

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பின் லேத்தை நிறுத்திவிட்டு, கண்ணை மூடி அதையே பழகினார். வேலையாள் அழகுராஜா பதறிப்போனான்.

"அண்ணே, மேலுக்கு முடியலையா?"

"பாடம் படிக்கிறேன்டா, போ."

மூன்றாம் தடவையாக மேஜையில் படுத்தார். பிரஷர் பட்டை கையை இறுக்கியதும் பல் தானாகக் கடிபட்டது. அதை அவரே கண்டுகொண்டார். தாடையை விட்டார், மூச்சை மெதுவாக விட்டார், தோளின் பாரத்தை மேஜையின்மேல் இறக்கினார். நர்ஸ் அளவைப் பார்த்தாள். மறுபடியும் ஒருமுறை பார்த்தாள்.

"டாக்டர், ஆரம்பிக்கலாம்."

மறுநாள் கட்டைப் பிரித்ததும், எதிர்ச்சுவர்க் காலண்டரிலிருந்த பொடி எழுத்தைக்கூட எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினார். ஒச்சாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல கை டாக்டர் உங்களுக்கு," என்றார் மொக்கைச்சாமி. "ஆனா பாதி வேலை நான் பாத்தது."

டாக்டர் அதை மறுக்கவில்லை.